அப்பாவுக்கு 12 நிமிடம் கை விளங்காமல் போய்த் திரும்பியது; மினி ஸ்ட்ரோக் என்றால் ஆபத்தும் சின்னதா?

பூங்கொடி தையல், சுங்கை சிப்புட்
புதன், இரவு 8.10

எல்லாருக்கும் வணக்கம். இங்கே எழுதுகிறவர்களில் மருத்துவமனையில் வேலை செய்தவர்களும் இருக்கிறீர்கள் என்று தெரியும். கொஞ்சம் பயமாக இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

அப்பாவுக்கு வயது 67. நாற்பது வருடம் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். தோட்டத்து லயத்தைவிட்டு வந்தபிறகு இந்தத் தாமானில் (குடியிருப்பில்) என்னோடுதான் இருக்கிறார். இனிப்பு நீர் (நீரிழிவு) 11 வருடமாக இருக்கிறது. இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை உண்டு. நினைவு வந்தால் போடுவார், தலை சுற்றாத நாளில் "இன்னைக்கு நல்லாத்தானே இருக்கேன்" என்று விட்டுவிடுவார்.

இன்று காலை பேத்தியை மோட்டார் சைக்கிளில் மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதற்காகச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் இருந்து பார்க்கிறேன், மேல் பித்தானைப் பிடித்தபடியே நிற்கிறார். வலது கை விரல்கள் பித்தானைத் தொடுகின்றன, ஆனால் அதைத் துளைக்குள் தள்ள முடியவில்லை. தள்ளுகிறார், வழுக்குகிறது. மறுபடி தள்ளுகிறார். நானே நாளெல்லாம் பித்தான் தைக்கிறவள்; ஒரு பித்தானைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது இன்றைக்குத்தான்.

"என்னப்பா?" என்றேன். "அந்த... அந்த..." என்றார். அதற்குமேல் வந்தது சொல்லாகவே இல்லை. வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவது போல இருந்தது. வாயின் வலது ஓரம் இறங்கியிருந்தது. நாற்காலியில் உட்காரவைத்துக் கோப்பிக் கிளாஸைக் கையில் கொடுத்தேன். கிளாஸ் நழுவித் தரையில் விழுந்தது. அது விழுந்ததே அவருக்குத் தெரிந்த மாதிரி இல்லை.

அப்போது மணி 6.35. பிள்ளையை அனுப்பும் அவசரத்தில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் நன்றாகத் தெரியும். 6.47க்கு என் முகத்தைப் பார்த்து, "ஏன் இப்படிப் பார்க்கிற, பிள்ளைக்கு நேரமாச்சு" என்று தெளிவாகச் சொன்னார். அதே வலது கையால் பித்தானைப் போட்டார். நான் தரையைத் துடைத்துக்கொண்டே அழுதேன்.

காலை 10 மணிக்கு டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அதற்குள் எல்லாம் சரியாகியிருந்தது. பிரஷர் 172க்கு 96. மருத்துவர் கையை அழுத்தச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். "மினி ஸ்ட்ரோக்காக இருக்கலாம், இப்போது ஒன்றுமில்லை, பிரஷர் மாத்திரையைக் கூட்டித் தருகிறேன், அடுத்த வாரம் வாருங்கள்" என்றார். ஜொகூரில் இருக்கும் தம்பி, "மினின்னா சின்னதுதானேக்கா" என்கிறான். அத்தை, "காத்து பட்டிருக்கு, எண்ணெய் தேய்ச்சு விடு" என்கிறார். அப்பா இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். மினி ஸ்ட்ரோக்குக்கும் முழு ஸ்ட்ரோக்குக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்? அடுத்த வாரம்வரை இருக்கலாமா? சனிக்கிழமை கடையை மூடிவிட்டு ஈப்போவுக்குக் கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன்.


ஓய்வுபெற்ற தாதி, ஈப்போ
புதன், இரவு 8.42

தங்கச்சி, சனிக்கிழமை வேண்டாம். இன்று இரவே அப்பாவை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். இந்த வரியோடு எழுந்து கிளம்புங்கள், மற்றதை வண்டியில் உட்கார்ந்து படிக்கலாம்.

இப்போது அவர் நன்றாக இருப்பதால் காரிலேயே நேராக ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு வரலாம், அரை மணி நேரம்தான். வழியில் கையோ வாயோ மறுபடி மாறினால் அந்த இடத்திலேயே அவசர எண் 999 கூப்பிடுங்கள். மாத்திரைகள் எல்லாவற்றையும் பையோடு எடுத்து வாருங்கள். 6.35, 6.47 என்று எழுதினீர்கள் பாருங்கள், அதை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள். கவுண்டரில் "காலையில் கை விளங்கவில்லை, பேச்சு வரவில்லை, 12 நிமிடம்" என்று சொல்லுங்கள். "இப்போது சரியாகிவிட்டது" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினால் கேட்பவரின் காது அங்கேயே நின்றுவிடும். முப்பது வருடம் வார்டில் இருந்தவள் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் அம்மாவும் மரம் சீவியவர்தான், ஆகவே அப்பாவுக்கே விளங்குகிற மாதிரி சொல்கிறேன். மரப்பட்டையில் கோடு போட்டதும் பால் கோட்டு வழியாக இறங்கி மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், விழும். முந்தின நாள் உறைந்துபோன ஒட்டுப்பால் துணுக்கு ஒன்று கோட்டில் அடைத்துக்கொண்டால் பால் அங்கே நின்றுவிடும். சில நேரம் அந்தத் துணுக்கு தானே நழுவி விழுந்து பால் மறுபடி ஓடும். சில நேரம் அங்கேயே இறுகி நிற்கும். போய்ப் பார்த்தால் மங்கு காலி. அடைத்தது இரண்டிலும் ஒரே ஒட்டுப்பால்தான்.

மூளைக்குப் போகும் இரத்தக் குழாயிலும் இதே கதைதான். இரத்தக் கட்டி ஒன்று வந்து அடைக்கிறது. அது சீக்கிரம் கரைந்தாலோ நகர்ந்தாலோ மூளைத் திசு சாகாமல் தப்பித்துக்கொள்ளும், கையும் பேச்சும் திரும்பிவிடும். இதைத்தான் மினி ஸ்ட்ரோக் என்கிறோம், மருத்துவர்கள் டி.ஐ.ஏ. என்பார்கள். அடைப்பு நின்றுவிட்டால் அந்தக் குழாயை நம்பியிருந்த திசு செத்துப்போகும். அதுதான் முழு ஸ்ட்ரோக். பெரிய குழாய் அடைத்தால் ஒரு நிமிடத்தில் சாகும் நரம்பணுக்கள் சுமார் 19 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முழு ஸ்ட்ரோக்கில் இன்னொரு வகையும் உண்டு, குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது. அடைப்பு வகைதான் மிகுதி.

ஆகவே தொடங்கும்போது மினிக்கும் முழுசுக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. முகம் கோணும், ஒரு பக்கக் கை கால் தளரும், பேச்சு குழறும், சிலருக்கு ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி இருட்டும். அந்தக் காலை 6.40க்கு நானே உங்கள் வீட்டில் நின்றிருந்தாலும் இது எது என்று சொல்லியிருக்க முடியாது. போன பிறகுதான் அது மினி. அதனால் "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்பதற்கு இடமே கிடையாது. உங்கள் மேல் குறை சொல்லவில்லை தங்கச்சி, பயத்தில் யாருக்கும் அப்படித்தான் ஓடும். ஆனால் அடுத்த முறை இப்படி ஆனால் கோப்பி, தண்ணீர், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். விழுங்கும் தசையும் தளர்ந்திருக்கலாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆஸ்பிரினும் வீட்டில் கொடுக்க வேண்டாம். அடைப்பா கசிவா என்று ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும், கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கெடுதல் செய்யும்.

முன்பெல்லாம் 24 மணி நேரத்துக்குள் சரியானால் டி.ஐ.ஏ. என்று கடிகாரத்தை வைத்துப் பிரித்தார்கள். பெரும்பாலானவை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வந்த பிறகு பார்த்தால், அறிகுறி முழுக்கப் போன நோயாளிகளிலேயே சுமார் மூன்றில் ஒருவருக்கு மூளையில் செத்த திசுவின் புள்ளி தெரிந்தது. அதனால் 2009இல் அமெரிக்க மருத்துவர்கள் வரையறையையே மாற்றினார்கள். திசு செத்திருந்தால் ஸ்ட்ரோக், சாகாவிட்டால்தான் டி.ஐ.ஏ. நேரம் கணக்கில் இல்லை. உங்கள் அப்பாவுக்கு எது என்பதைக் கிளினிக்கில் கையை அழுத்திப் பார்த்துச் சொல்ல முடியாது.

இன்றே போகச் சொல்வதற்குக் காரணம் இது. கலிபோர்னியாவில் டி.ஐ.ஏ. வந்த 1,707 பேரைத் தொடர்ந்து பார்த்து 2000இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 90 நாளுக்குள் 180 பேருக்கு முழு ஸ்ட்ரோக் வந்தது. அதில் பாதிப் பேருக்கு முதல் இரண்டு நாளுக்குள்ளேயே வந்துவிட்டது. உங்கள் அப்பாவுக்கு அந்த இரண்டு நாள் இன்று காலை 6.35க்குத் தொடங்கியிருக்கிறது. நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் 2007இல் வெளிவந்த ஆய்வில், இப்படிப்பட்டவர்களுக்கு அன்றன்றே பரிசோதனையும் மருந்தும் தொடங்கியபோது 90 நாளில் மறுபடி ஸ்ட்ரோக் வருவது 10.3 விழுக்காட்டில் இருந்து 2.1க்கு இறங்கியது. அதே வகை மருந்துகள்தான். சீக்கிரம் தொடங்கினார்கள், அவ்வளவுதான்.

மருத்துவர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். 60 வயதுக்கு மேல் 1, பிரஷர் 140க்கு 90ஐத் தொட்டால் 1, ஒரு பக்கம் தளர்ந்தால் 2, 10 நிமிடத்துக்கு மேல் 1, ஒரு மணி நேரம் நீடித்தால் அதற்கு 2, இனிப்பு நீருக்கு 1. மொத்தம் 7க்கு உங்கள் அப்பாவுக்கு 6. இந்தக் கணக்கில் குறைவாக வந்தவர்களுக்கும் ஸ்ட்ரோக் வந்ததைப் பார்த்திருக்கிறேன், ஆகவே மற்றவர்கள் வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம்.

வலது கையும் பேச்சும் போனதால் இடப்பக்க மூளை. இடப்பக்கக் கழுத்துக் குழாயை ஸ்கேன் செய்வார்கள், இருதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்பா வர மறுத்தால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: மங்கு நிறைந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வேண்டாம், கோட்டில் இன்னும் ஒட்டுப்பால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.


மணியம், பாகான் செராய்
புதன், இரவு 9.25

தாதி அக்கா சொன்னதைத் தட்டாதீர்கள் தங்கச்சி. நான் தட்டியவன்.

எங்கள் அம்மாவுக்குக் கண்ணில்தான் வந்தது. செம்பனைக் காட்டில் விதை பொறுக்கிய அம்மா, சாயங்காலம் சாமி விளக்கு ஏற்றும்போது, "இந்தக் கண்ணில யாரோ திரை இழுத்த மாதிரி இருக்குடா" என்றார். விளக்குக்கு எண்ணெய் ஊற்றி முடிப்பதற்குள் பார்வை வந்துவிட்டது. கண்ணாடி மாற்றலாம் என்று சொன்னேன். கண்ணுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

மூன்றாம் நாள் காலை 6 மணிக்கு எழுப்பப் போனேன். படுக்கையில் விழித்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு பக்கம் கை, கால், முகம் எதுவும் அசையவில்லை. மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக நன்றாக இருந்ததை எப்போது பார்த்தீர்கள்?" என்பது. எத்தனை மணிக்கு எழுந்தார், எப்போது கண்டீர்கள் என்பது அல்ல. கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்தில் இருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றார்கள். அம்மா படுத்தது இரவு 9 மணிக்கு. நடுவில் யாரும் பார்க்கவில்லை. எங்களுக்கு அந்த ஊசி கிடைக்கவில்லை. சிலருக்கு அதற்குப் பிறகும் குழாய்க்குள் கம்பி விட்டுக் கட்டியை இழுத்து எடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம்வரைகூட. அம்மாவின் ஸ்கேனைப் பார்த்து அதுவும் பயன்படாது என்றார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பக்கத்து வீட்டில் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்ததென்று தையல் ஊசியால் அம்மாவின் பத்து விரலையும் குத்தினார். நான் பிடித்துக்கொடுத்தேன். இன்றைக்கும் அந்த விரல்களைக் கழுவிவிடும்போது நினைவு வருகிறது. விரலில் இரத்தம் எடுத்தால் மூளைக் குழாய் திறக்காது. தயவுசெய்து அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

அம்மா இப்போது ஐந்தாறு சொல் பேசுகிறார். ஈப்போவில் நாசாம் நிலையம் இருக்கிறது, தேசிய ஸ்ட்ரோக் சங்கம் நடத்துவது. ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு நடைப் பயிற்சி, கைப் பயிற்சி அங்கே உண்டு. உங்களுக்கு அது தேவைப்படாமல் போகட்டும்.


கவின், கோலகங்சார்
புதன், இரவு 9.50

அக்கா, ஒரு சந்தேகம். என் பாட்டிக்குச் சர்க்கரை இறங்கினாலும் பேச்சு குழறும், கை நடுங்கும். இனிப்புக் கொடுத்தால் சரியாகிவிடும். அதை எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?


ஓய்வுபெற்ற தாதி, ஈப்போ
புதன், இரவு 10.05

நல்ல கேள்வி தம்பி. இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால் ஸ்ட்ரோக் மாதிரியே ஒரு பக்கம் தளர்வதுகூட நடக்கும். வியர்வை, நடுக்கம், பசி கூட இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் விரலில் ஒரு சொட்டு, 999 கூப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். 4 mmol/Lக்குக் கீழே இருந்து, பாட்டி நன்றாக விழித்திருந்து, தடையில்லாமல் விழுங்கினால் மட்டும் இனிப்புக் கொடுங்கள். எண் சரியாக இருந்தும் வாய் கோணியிருந்தால் அது சர்க்கரை இல்லை.

2019 தேசியச் சுகாதார ஆய்வில் நம் மலேசிய இந்தியர்களில், 18 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், 31.4 விழுக்காட்டினருக்கு இரத்தச் சர்க்கரை மிகுதியாக இருந்தது. இனங்களில் நமக்குத்தான் அதிகம். அந்தக் கருவி நம் வீடுகளில் சாமி அலமாரி மாதிரி இருக்க வேண்டிய பொருள்.


பூங்கொடி தையல், சுங்கை சிப்புட்
புதன், இரவு 11.40

ஈப்போ அவசரப் பிரிவில் இருக்கிறோம். பக்கத்து வீட்டு அண்ணன் காரில் கொண்டுவந்து விட்டார். அப்பா வர மாட்டேன் என்றார். மங்கு, ஒட்டுப்பால் என்று அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து செருப்பைத் தேடினார். கவுண்டரில் தாளைத்தான் முதலில் நீட்டினேன். உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள்.


பூங்கொடி தையல், சுங்கை சிப்புட்
ஞாயிறு, மாலை 5.15

எல்லாருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

அன்று இரவே சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், இரத்தக் கசிவு இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் மருந்து தொடங்கினார்கள். இரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரலும் சேர்த்து 21 நாள், பிறகு ஒன்று மட்டும். கொழுப்புக்கும் மாத்திரை. மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். மருத்துவர் என்னைத் திரையருகே கூப்பிட்டுக் காட்டினார். சாம்பல் நிறப் படத்தில் இடப்பக்கம் ஓர் அரிசி அளவுக்கு வெள்ளைப் புள்ளி. "இது மினி இல்லையம்மா, சின்ன ஸ்ட்ரோக்தான், கை திரும்பியது உங்கள் நல்ல நேரம்" என்றார். தாதி அக்கா சொன்ன மூன்றில் ஒருவர் எங்கள் அப்பாதான்.

கழுத்து ஸ்கேனில் இடப்பக்கக் குழாய் 70 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியிருக்கிறது. சுவரில் கொழுப்புப் படிந்து, அதில் இருந்து துணுக்கு ஒன்று கழன்று மேலே போயிருக்கும் என்றார்கள். குழாயைத் திறந்து படிவைச் சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சை இரண்டு வாரத்துக்குள் செய்தால்தான் பலன் மிகுதியாம். செவ்வாய்க்கிழமை அறுவை மருத்துவர் பார்க்கிறார். அடுத்த வாரம் வாருங்கள் என்ற சொல்லைக் கேட்டு வீட்டில் இருந்திருந்தால் அந்தக் கணக்கில் பாதி நாள் போயிருக்கும்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி வருகிறவர்களிடம் எல்லாம் மங்குக் கதையைச் சொல்கிறார். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய்க்காரத் தாத்தா, அவரும் பால்மரம் சீவியவராம். இரண்டு பேரும் மலாயில் ஒட்டுப்பாலைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். "விரலால் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போவோம்" என்று அப்பா கையால் செய்து காட்டினார். வலது கையால்தான் காட்டினார்.

தம்பி ஜொகூரில் இருந்து வந்துவிட்டான். அத்தையிடம் எண்ணெய் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அத்தைக்கும் பிரஷர் பார்த்தோம், 168. நாளைக்குக் கிளினிக் கூட்டிப் போகிறேன்.


ஓய்வுபெற்ற தாதி, ஈப்போ
ஞாயிறு, இரவு 7.30

கண்ணில் நீர் வந்துவிட்டது தங்கச்சி. செவ்வாய்க்கிழமை அறுவை மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள். அறுவை அன்று எந்த மாத்திரையை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது? மோட்டார் எப்போது ஓட்டலாம்? அதற்குப் பதில் கிடைக்கும்வரை பேத்தியைப் பள்ளி வேனில் அனுப்புங்கள், மோட்டார் சாவி உங்கள் கையில் இருக்கட்டும். சாவியைக் கேட்பார், கொடுத்துவிடாதீர்கள்.